முடிச்சுப் போட்ட தண்ணீர்

அப்பா,

இன்று காலை மிஸ் வீட்டில் நூல் பெட்டியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். அடியில், மற்ற நிறங்களுக்குள் ஒதுங்கி, ஈயச் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கம்பளி நூற்சுருள் கிடந்தது. கையில் எடுத்ததும் வாத எண்ணெய் மணத்தது. கம்பளி நூல் அப்படித்தான், ஒரு மணத்தைப் பிடித்தால் இலேசில் விடாது. உங்கள் இடது கைக்கு அம்மா தேய்த்துவிட்ட எண்ணெய். நான் சுருளை முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றதை மிஸ் கண்டுவிட்டார். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு, அது அப்பாவின் நூல் என்று சொன்னேன். அவர் தேத்தண்ணீர் ஊற்றப் போனார்.

என் வேலை என்ன என்று ஊரில் யாராவது கேட்டால், "கடதாசியில எழுதுறாள்" என்று மட்டும் சொல்வீர்கள். அதற்கு மேல் உங்களுக்கும் அப்போது தெரியாது. நானும் விளங்கப்படுத்தியதில்லை. மிஸ் பல வருடம் லண்டனில் இருந்துவிட்டுக் குருக்கள்மடத்தில் தன் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அவருக்குப் படங்கள் அனுப்புவார்கள். விற்றுவிட்ட வீடு, கோயில் வாசல், செத்துப்போன நாய். அவற்றை மிஸ் கன்வஸ் துணியில் நிறம் தீட்டிக் கொடுப்பார். அது வலை போல கண் கண்ணாக இருக்கும் தடித்த துணி. வாங்குகிறவர்கள் அந்தக் கண்களை ஒவ்வொன்றாகக் கம்பளி நூலால் தைத்து நிரப்ப வேண்டும். எந்த இடத்துக்கு எந்தத் தையல், எந்த நூல், எங்கே தொடங்குவது என்று ஒரு குறிப்பு கூடவே போகும். அதை எழுதுவதுதான் என் வேலை.

எல்லாருக்கும் ஒரே குறிப்பு அல்ல. ஒருவருக்குக் கறுப்பு நிறத்தில் கண் பூக்கும். அவருக்குக் கறுப்பு வரும் இடங்களைப் பகல் வெளிச்சத்தில் தைக்கச் சொல்லி எழுத வேண்டும். இன்னொருவர் வேலைக்குப் போகிற ரயிலில் மட்டும் தைப்பவர். ரயில் குலுங்கினாலும் பிழைக்காத சாய்வுத் தையல் அவருக்கு. அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக் குரல் பதிந்து அனுப்புவார்கள். நான் கேட்பேன், எழுதுவேன். பதில் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்தது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது படிப்பு ஏறாததால் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் குரல் வராது.  பின் வரிசை வாங்கில் இருந்தவர்கள் நான் வாயைத் திறந்து மூடுவதைப் போலச் செய்து காட்டுவார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, இனிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அம்மா அழுதார், ஏசினார், அயலில் உள்ள பிள்ளைகளின் பெயரெல்லாம் சொல்லிக் காட்டினார். நீங்கள் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்காமலே சொன்னீர்கள்.

"விடு அவள. பேசாத மனுசரும் ஊருக்கு வேணும்."

அது எனக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. நீங்களும் பேச்சுக் குறைந்தவர்தான். நாம் இருவரும் ஒரு முற்றத்தில் காலையில் இருந்து பொழுது சாயும் வரை இருந்து, சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறந்த நாட்கள் உண்டு.

பிறகு, வாவியில் இருந்து திரும்பி வரும்போது தோணிக்குள்ளேயே நீங்கள் வாதம் வந்து சரிந்தீர்கள். கூட வந்த மாமாதான் சவள் துடுப்பை வலித்துக் கரை சேர்த்து, யாருடைய ஆட்டோவிலோ ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பேச்சு போகவில்லை. இடது காலும் இடது கையும்தான் போயின. கால் இழுத்து இழுத்து வந்து சேர்ந்தது. கை வரவில்லை. மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போல அது கிடந்தது. பயிற்சி சொல்லித் தரும் அக்கா ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து தந்து, அமத்தி அமத்திப் பழகச் சொன்னார். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாளே அந்தப் பந்தைக் கோழிக்கு எறிந்தீர்கள்.

அந்த நாட்களில் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. யாரும் அதை வாயால் கேட்கவில்லை. உங்கள் தோணி பூவரச மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. மாமா உங்களோடு அதே தோணியில் போய் வந்தவர். அவருக்கென்று வேறு தோணி இல்லை. யாரோ ஒருவருடன் கூலிக்குப் போய்க்கொண்டு, பின்னேரங்களில் வந்து உங்கள் பக்கத்தில் குந்துவார். மாரி முடிந்தால் இறால் பிடிபடும் பாடு தொடங்கும். அதற்குள் உங்கள் கை சவள் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் அவர் காத்திருப்பார். பிடிக்காது என்றால் வேறொரு ஆளைச் சேர்த்துக்கொண்டு உங்கள் தோணியில் போவார். அதை உங்களிடம் கேட்க அவருக்கு நா எழவில்லை. ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, கவிழ்ந்த தோணியை ஒரு தரம் பார்த்துவிட்டு எழும்பிப் போவார்.

மிஸ் வீட்டில் நிறம் பிசகிப்போன கன்வஸ் ஒன்று மூலையில் கிடந்தது. ஒரு பெரிய குளமும் நடுவில் ஒரு வெள்ளை அன்னமும். கண்கள் பெரிய துணி, ஆகவே ஊசியும் தடித்தது. கேட்டு வாங்கி வந்தேன். சட்டத்தில் இழுத்துப் பூட்டி, உங்கள் கதிரையின் கைப்பிடியில் கட்டிவிட்டேன். உங்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் வழமை போல எழுதினேன். மற்றவர்களுக்கு எழுதுவதைப் போலத் தொடங்கி, கிழித்துவிட்டு, உங்களுக்கு விளங்குகிற சொற்களில் எழுதினேன். துளை என்று எழுதவில்லை, கண் என்று எழுதினேன். "வலது கை ஊசியைத் தள்ளட்டும். இடது கையைச் சட்டத்தின் மேல் சும்மா வைத்திருங்கள். ஒரு வரி முடிந்ததும் இடது கையால் நூலைத் தொட்டுப் பாருங்கள். தொட்டால் போதும்." அதை உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டேன்.

அன்று பின்னேரம் வந்தபோது நீங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊசியைத் தொட்டிருக்கவில்லை. அம்மாவிடம் கேட்டீர்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தும்.

"இவள்ட்டக் கேளு, இது எந்த மாசத்துத் தண்ணி?"

 நீங்களே சொன்னீர்கள், இப்படி நீல நிறத்தில் ஒரு தண்ணீரை நீங்கள் கண்டதே இல்லை என்று. மாரித் தண்ணீர் என்றால் கலங்கிய தேத்தண்ணீர். கோடையில் விடியப் பார்த்தால் ஈயம். பொழுது சாயும்போது ஒரு நிறம், கடலுக்கு முகத்துவாரம் வெட்டிவிட்டால் வேறொரு நிறம். மறுநாள் நீல நூலைத் திருப்பிக் கொண்டு போய், ஈயச் சாம்பலும் மங்கல் பச்சையும் கேட்டு எடுத்து வந்தேன். குறிப்பையும் மாற்றினேன். குளத்தை மேலிருந்து கீழாகப் பிரித்து, எது விடியற்காலைத் தண்ணீர், எது கண்டல் மரத்து நிழல் விழும் தண்ணீர் என்று எழுதினேன். அதன் பிறகுதான் நீங்கள் ஊசியை எடுத்தீர்கள்.

அம்மாவுக்குச் சிரிப்பு. "ஒரே வீட்டுக்குள்ள இரிந்துகொண்டு தகப்பனும் மகளும் தபால் போடுதுகள்" என்று வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்கச் சொன்னார். மாமா அதைவிட மோசம்.

"மச்சான், இது முடிஞ்சா மறுகா எனக்கொரு சேட்டுத் தைச்சுத் தாங்க."

"உன்ட வயித்துக்கு ஊர்ல துணி காணாது" என்றீர்கள், ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல். நீங்கள் சரிந்த பிறகு சொன்ன முதல் பகிடி அது. மாமா தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்.

கொஞ்ச நாளில் நான் ஒன்றைக் கண்டேன். நீங்கள் தைத்த இடம் தடித்துக்கொண்டு நின்றது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க முடிச்சு. கண்ணுக்குக் கண் ஒரு முடிச்சு. இந்தத் தையலில் முடிச்சே போடக் கூடாது. நூல் முனையைப் பின்னால் தையல்களுக்கு அடியில் ஒளித்துவிட வேண்டும். அதை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். நீங்கள் வாசித்திருந்தீர்கள். வாசித்துவிட்டு, ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு கண் அறுந்தால் மற்றக் கண்களைக் காப்பாற்றுவது முடிச்சுத்தான் என்று பழகிய ஆள் நீங்கள். "முடிச்சில்லாத வேலைய ஆர் நம்புற?" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

கன்வஸை மிஸ்ஸிடம் கொண்டு போனேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனதோடுதான். பிறகு சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார், கவலைப்படாதே, மெதுவாக அவிழ்த்துத் தருகிறேன், அப்பா திரும்பத் தொடங்கட்டும் என்றார். நான் பேனையைத் தேடினேன். ஆனால் கத்தரிக்கோல் நூலுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"வெட்ட வேணாம் மிஸ். அது அப்பாட இடது கை."

அவருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு முந்தின நாள் பின்னேரம் நீங்கள் தைப்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், அப்பா. வலது கை ஊசியைத் தள்ளியது, நூலைச் சுற்றியது, சுருக்கு விழுந்தது. அந்தச் சுருக்கை நழுவவிடாமல் பிடிப்பதற்கு, மடியில் செத்துக் கிடந்த இடது கை எழும்பி வந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் சுருக்கைக் கிள்ளிப் பிடித்தன. வலை பொத்தும்போது உங்கள் இடது கை ஆயுள் முழுக்கச் செய்த வேலை அதுதானே. பந்துக்கு வராத கை, என் குறிப்புக்கு வராத கை, முடிச்சுக்கு வந்தது. அது வந்ததை நீங்கள் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

மிஸ் கத்தரிக்கோலை வைத்துவிட்டார். அப்படியென்றால் தண்ணீர் முழுவதையும் முடிச்சாகவே போடட்டும், அதற்கு ஒரு குறிப்பு எழுது என்றார். அப்படி ஒரு தையல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே எழுதினேன். அலை கிட்ட வரும் இடத்தில் முடிச்சு நெருக்கமாக. தூரத்துத் தண்ணீரில் ஒரு கண் விட்டு ஒரு கண். நிழலில் முடிச்சைப் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். நான் எழுதிய குறிப்புகளில் வேறு யாருக்கும் உதவாத ஒரே குறிப்பு அது.

மாரி பிடித்துப் பெய்தது. வீட்டுக்குள் கதிரையைப் போட்டு, யன்னல் பக்கம் வைத்து, நீங்கள் தண்ணீரைக் கட்டிக்கொண்டே போனீர்கள். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். கை நல்லா வந்திட்டு, இனிப் பயமில்லை, தை மாதத்துக்குப் பிறகு தோணிதான். அம்மா அதை நம்பினார். மாமாவும் நம்பத் தொடங்கி, தோணிக்கடியில் முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டார். ஆஸ்பத்திரி அக்கா மட்டும், பார்ப்போம் என்றார்.

எனக்குத் தெரிந்திருந்தது. நான் ஒவ்வொரு நாளும் கன்வஸின் பின்பக்கத்தைப் பார்க்கிறவள். வரி தொடங்கும் இடத்தில் முடிச்சு இறுக்கமாக இருக்கும். போகப் போகத் தளரும். வரியின் கடைசியில் நூல் தொங்கும். விட்டு, ஆறி, அடுத்த வரி தொடங்கும்போது மறுபடி இறுக்கம். முதல் மாதத்தில் இருந்ததும் அதுதான், மாரி ஓயும்போது இருந்ததும் அதுதான். கை வந்திருந்தது, ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டுமே வந்தது. வாவி நடுவில் காற்றுக்கு எதிராகத் தோணியைத் திருப்புகிற ஆளுக்கு அந்தக் கொஞ்சம் போதாது.

நான் யாருக்கும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

நீங்கள் கேட்டீர்கள். மழை விட்ட ஒரு காலை. அம்மா விற்கிற இடியப்பத்தைக் கடைக்குக் கொடுக்கப் போயிருந்தார். மாமா முந்தின நாள் வந்து, இறால் கண்ணில் படத் தொடங்கிவிட்டது என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் வேலைக்கு வெளிக்கிட்டு நின்றேன். நீங்கள் சட்டத்தை அவிழ்த்து, கன்வஸைத் திருப்பிப் பின்பக்கத்தை என்னிடம் காட்டினீர்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நீங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள் என்று.

"புள்ள, இந்தக் கையால சவள் பிடிக்க ஏலுமா?"

நான் மேசைப் பக்கம் திரும்பினேன். என் கை தானாகப் பேனைக்குப் போனது.

"எழுதாத" என்றீர்கள். "சொல்லு."

பள்ளிக்கூடம் வேண்டாம் என்றபோது என்னைப் பேசவைக்காமல் விட்டவர் நீங்கள். உலகத்தில் என்னிடம் குரலைக் கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான் என்று நினைத்திருந்தேன். வெளியே பூவரசில் இருந்து மழைத்தண்ணீர் தோணியின் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. உங்கள் கண் என் முகத்தை விடவில்லை. ஏசுகிற கண் அல்ல. சுகமாகும் என்று சொல்கிற எல்லாரையும் பார்த்துக் களைத்துப்போன கண்.

"ஏலாது அப்பா" என்றேன்.

குரல் வந்தது. சின்னதாகத்தான் வந்தது, ஆனால் முழுதாக வந்தது.

நீங்கள் கன்வஸை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தீர்கள். பஸ் போகும் சத்தம் கேட்டது. என் பஸ்தான். நான் அசையவில்லை. பிறகு, வேறு யாருடைய காரியத்தையோ விசாரிப்பது போலக் கேட்டீர்கள்.

"அப்ப என்ன ஏலும்?"

நான் சொன்னேன். முடிச்சுப் போட ஏலும். கொஞ்சம் போட்டு, கையை ஆற விட்டு, பிறகும் போட ஏலும். ஒரு நாளில் எத்தனை தரமும் அப்படிச் செய்ய ஏலும். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் இவ்வளவு நீளமாகப் பேசி நீங்கள் கேட்டது அதுதான் முதல் தரம்.  ஓம் ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

அன்று பகல் நீங்கள் சாப்பிடவில்லை. பின்னேரம் மாமா வந்து குந்தியபோது, அவர் ஊர்க்கதை தொடங்க முன்னமே சொன்னீர்கள்.

"மச்சான், தோணி கவுந்து கிடந்தா வெடிச்சிரும். நாளைக்கே இறக்கு. ஆளொண்டச் சேத்துக்க."

மாமா வேண்டாம் என்றார். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார். பிறகு அழுதார். நீங்கள் அவரைப் பார்த்து, "உன்ட வயித்துக்குத் தக்கன ஒரு ஒல்லி ஆளாப் பாத்துச் சேர், இல்லாட்டித் தோணி தண்ணிக்குள்ள தாண்டு போயிரும்" என்றீர்கள். அழுதுகொண்டே சிரித்தார்.

தோணி இறங்கிய நாளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தீர்கள். அது தண்ணீரில் மிதந்து நிமிர்ந்தபோது, உங்கள் விரல்கள் என் தோளில் இறுகின. இடது கை விரல்கள். நான் அதை அம்மாவிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்ததும், மாமாவின் கிழிந்த வலையைக் கொண்டு வரச் சொன்னீர்கள். பிறகு மற்றவர்களும் கொண்டு வந்தார்கள். கதிரையின் ஒரு கைப்பிடியில் கன்வஸ், மறு கைப்பிடியில் வலை. ஒன்றில் கை களைத்தால் ஆற விட்டு, மற்றதில் தொடங்குவீர்கள். ஒரு வரியில் தளர்ந்தால் அதற்காகக் கோபிக்க மாட்டீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏலும் என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது.

அடுத்த மாரிக்கு முன்னம், ஒரு பகல், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த நீங்கள் எழும்பவே இல்லை. தண்ணீர் முழுவதும் முடிந்திருந்தது. அன்னம் வெறும் துணியாக இருந்தது. அதற்கும் குறிப்பு எழுதித் தந்திருந்தேன். அது என்ன, கழுத்தைப் பிடிச்சு இழுத்துவிட்ட வாத்து, அத ஆரும் தைக்கட்டும் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தீர்கள்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து ஆட்களெல்லாம் போன பிறகு, அந்தக் கன்வஸைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, மிஞ்சிய நூலை மிஸ் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போனேன். இன்று நான் வேலையால் வந்தபோது அம்மா அதை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு உங்கள் கதிரையில் இருந்தார். அன்னத்தின் வாலில் நாலைந்து தையல் போட்டிருந்தார், ஒன்றும் ஒரு திசையில் இல்லை. என்னைக் கண்டதும் வெட்கப்பட்டார்.

"எனக்கும் ஒரு கடதாசி எழுதித் தாவன்" என்றார்.

கையைக் காட்டுங்கள் அம்மா என்றேன். "என்ட கைக்கு என்ன, நல்லாத்தான் இரிக்கி" என்று சிரித்தார். நான் விடவில்லை. வாங்கிப் பார்த்தேன். இடியப்ப உரல் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெருவிரல் முழுதாக மடங்கவில்லை. உங்களுக்குச் சேட்டுப் பொத்தான் பூட்டிவிட்டதும், உங்களைத் தூக்கி இருத்தியதும் இந்தக் கைதான். நாம் எல்லாரும் அந்த வீட்டில் உங்கள் ஒரு கையையே பார்த்துக்கொண்டிருந்தோம், அப்பா. நீங்களும் நானும் மாமாவும் அம்மாவும்கூட.

எந்த நேரம் கூட நோகும் என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். யாரும் கேட்காத கேள்விக்கு உடனே பதில் வராதுதானே. பிறகு விடிய என்றார். விடிய எழும்பி மாக் குழைக்கும்போது. பிறகு, பெருவிரல் எப்போதிருந்து மடங்காமல் போனது என்று சொன்னார். அதற்கும் முன்னம் எப்படி இருந்தது என்று சொன்னார். நான் பேனையை எடுக்கவில்லை. அவர் சொல்லி முடியும் வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். இடைக்கிடை கேட்டேன், வாயால்தான்.